எலும்பு ஸ்கேனில் முன்கையையும் அளக்கிற இடம்: கீழ்ப்பாக்கம் ஸ்கேன் சென்டர்

கேட்டால் முன்கையையும் அளக்கிறார்கள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் இந்த ஸ்கேன் சென்டரைப் பற்றி நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். படிக்கட்டு, கட்டணம், காத்திருப்பு எல்லாம் பின்னால் வருகிறது.

எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்சா ஸ்கேன் என்று போனால், பெரும்பாலான இடங்களில் இடுப்பையும் முதுகின் கீழ்ப்பகுதியையும் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு வருகிற வழக்கமான எலும்புத் தேய்மானத்துக்கு அது பெரும்பாலும் போதும். கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதால் எலும்பு கரைகிறவர்களுக்கு அது போதாது. எனக்கு இருந்தது இந்த இரண்டாவது. அதனால், "ஸ்டாஃப் நல்லா பேசுறாங்க, இடம் சுத்தமா இருக்கு" என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

நான் அயனாவரத்தில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். வயது 58. பல வருடமாகக் கை கால் குடைச்சல். காலையில் எழுந்ததும் கால் எலும்பை அழுத்தினால் வலிக்கும். மாடிப்படி ஏறினால் தொடை கனக்கும். யாரிடம் சொன்னாலும், "நாள் பூரா மெஷின்ல உட்கார்ந்தா வலிக்காம என்ன செய்யும்" என்பார்கள். நடுவில் சிறுநீரகக் கல் வந்தது, அதற்கு ஒரு டாக்டர். மலச்சிக்கலுக்கு ஒருவர். ஓயாத தாகத்துக்கும் அசதிக்கும் சர்க்கரை பார்த்தார்கள், சர்க்கரை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை. இவையெல்லாம் ஒரே இடத்திலிருந்து வரலாம் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு இலவச எலும்பு முகாமில் குதிகாலை ஒரு சின்ன மெஷினுக்குள் வைத்துப் பார்த்து, பரவாயில்லை என்று சீட்டு கொடுத்தார்கள். அப்புறம் ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ். அதில் டெக்சாவும் இருந்தது. இடுப்பு, முதுகு இரண்டும் எடுத்து, "லேசான தேய்மானம்தான், கால்சியம் மாத்திரையை விடாம போடுங்க" என்றார்கள். அதே பேக்கேஜின் ரத்த ரிப்போர்ட்டில் கால்சியம் 11.4 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அவர்கள் தாளிலேயே மேல் வரம்பு 10.5 என்று போட்டிருந்தது. ரிப்போர்ட்டை விளக்க உட்கார்ந்தவர் கொலஸ்ட்ராலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். அந்த 11.4-ஐத் தாண்டிப் போய்விட்டார். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஒரு எண்ணில்தான் விஷயமே இருந்தது.

அதைக் கவனித்தவர் நாளமில்லாச் சுரப்பி டாக்டர் ஒருவர். என் தங்கையின் தைராய்டுக்காகத் துணைக்குப் போயிருந்தேன். என் ரிப்போர்ட்டும் பையில் இருந்தது, காட்டினேன். முதலில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் எவ்வளவு என்று பார்த்தார். ரத்தத்தில் கால்சியத்தில் பாதி அளவு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்குமாம். ஆல்புமின் குறைந்திருந்தால் கால்சியமும் குறைவாகக் காட்டும், அதற்குக் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும். எனக்கு ஆல்புமின் சரியாக இருந்ததால் 11.4 என்பது 11.4-தான். பி.டி.எச். என்ற ஹார்மோன் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். 172 வந்தது. வரம்பு 15 முதல் 65.

அன்றைக்கு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம் எடைதான். பெயரில் தைராய்டு இருந்தாலும் தைராய்டின் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் பொறுப்பு. கால்சியம் குறைந்தால் பி.டி.எச். சுரந்து, எலும்பிலிருந்து கொஞ்சம் கரைத்து எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், வைட்டமின் டி-யைத் தூண்டிவிட்டுச் சாப்பாட்டிலிருந்து கூடுதலாக உறிஞ்ச வைக்கும். கால்சியம் போதுமான அளவு வந்ததும் அடங்கிவிட வேண்டும். கால்சியம் ஏறிக் கிடக்கும்போதும் பி.டி.எச். அடங்காமல் இருந்தால், சுரப்பி சொல்பேச்சு கேட்காமல் போய்விட்டது என்று பொருள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல், நான்கில் ஒரே ஒரு சுரப்பிதான் கட்டியாக வளர்ந்து இப்படிச் செய்யும். பெரும்பாலும் அது புற்றுநோய்க் கட்டி இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், அதிலும் மாதவிடாய் நின்றபிறகு.

அப்படி ஓயாமல் சுரந்துகொண்டே இருந்தால் கால்சியம் எங்கிருந்து வரும்? எலும்பிலிருந்துதான். வெளியேறுகிற கால்சியம் சிறுநீரகத்தில் கல்லாகிறது. எலும்பு வலி, கல், மலச்சிக்கல், தாகம், அசதி என்று நான் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்த அத்தனையும் ஒரு தாளில் கீழே கீழே எழுதி ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

அப்புறம்தான் முன்கை விஷயம். எலும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வெளியே கெட்டியான சுவர், உள்ளே சின்னச் சின்ன வலைப்பின்னல். முதுகெலும்புக் கட்டைகளில் வலைப்பின்னல்தான் பெரும்பகுதி. குதிகால் எலும்பும் அப்படித்தான். இடுப்பில் இரண்டும் கலந்திருக்கும். முன்கையில், மணிக்கட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மேலே வந்தால், அந்த ஆரை எலும்பு கிட்டத்தட்ட முழுக்கவே கெட்டிச் சுவர். மாதவிடாய் நின்றபிறகு வருகிற தேய்மானம் முதலில் வலைப்பின்னலைத் தின்னும், அதனால் முதுகில் தெரிந்துவிடும். பி.டி.எச். அதிகமானால் கெட்டிச் சுவரைத்தான் அதிகமாகத் தின்னும். முதுகைப் பார்த்தால் ஓரளவு நன்றாகவே இருப்பதுபோல் காட்டும். முன்கையில்தான் உண்மை வெளியே வரும். முகாமில் என் குதிகாலைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றதற்கும், பேக்கேஜில் முதுகைப் பார்த்து லேசானது என்றதற்கும் காரணம் இப்போது புரிகிறதா? மெஷின் பொய் சொல்லவில்லை. அளந்த இடம் இந்த நோய்க்கான இடம் இல்லை. மார்புச் சுற்றை மட்டும் அளந்து வைத்துக்கொண்டு கை எப்படிப் பொருந்தும் என்று என்னிடம் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேனோ, அதே பதில்தான் இதற்கும்.

இது என் டாக்டருடைய தனிக் கருத்தும் இல்லை. பாராதைராய்டு அதிகமாக வேலை செய்தால் முன்கையையும் கட்டாயம் அளக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க எலும்பு அடர்த்தி மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட விதி.

சீட்டில் "முதுகு, இடுப்பு, முன்கை மூன்றில் ஒரு பங்கு" என்று தெளிவாக எழுதியிருந்தார். அதை வைத்துக்கொண்டு நான் போன் செய்த இடங்களில், "கையெல்லாம் எடுக்கிறதில்லைம்மா", "பேக்கேஜில் அது வராது", "எதுக்கு கை? இடுப்பு போதும்" என்று பதில். ஒரு இடத்தில் மெஷினில் அதற்கான சாஃப்ட்வேரே போடவில்லை என்று நேர்மையாகச் சொன்னார்கள், அவர்களுக்கு நன்றி. இந்த சென்டரில் போனை எடுத்த பெண், நான் சொல்லி முடிக்கும் முன்பே, "பாராதைராய்டாம்மா? எடுப்போம்" என்றார். அங்கேயே எனக்குப் பாதி நிம்மதி.

அதே போனில் அவர் கேட்ட கேள்விகளையும் சொல்ல வேண்டும். வேறு இடத்தில் யாரும் இவற்றைக் கேட்கவில்லை. சமீபத்தில் மருந்து ஊசி போட்டு சி.டி. எடுத்தீர்களா? கழுத்துக்கு நியூக்ளியர் ஸ்கேன் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை டெக்சாவின் கணக்கு தப்பாகும், தள்ளிப் போட வேண்டும். ஸ்கேனுக்கு முந்தின நாளிலிருந்து கால்சியம் மாத்திரை வேண்டாம், வயிற்றில் கரையாமல் கிடந்தால் முதுகெலும்பின் மேல் நிழலாக விழும். கையில் எலும்பு முறிவு எப்போதாவது ஆனதா? எந்தக் கையால் எழுதுவீர்கள்? வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வாருங்கள் என்றார்.

கீழ்ப்பாக்கம் மெட்ரோவிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனால் ஸ்கேன் அறை முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. எலும்பு வலியோடு வருகிறவர்களுக்கான அறையை மாடியில் வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. என் முன்னால் ஒரு பெரியவரைப் பேரன் தோளில் சாய்த்து ஏற்றிக்கொண்டு போனான். கீழே இருக்கும் ரிசப்ஷனை மேலே மாற்றினாலே போதும், அந்த அறை மெஷினுக்கு வந்துவிடும். பார்க்கிங் இல்லை, ஆட்டோவில் வருவது நல்லது.

மாற்றிக்கொள்ள அங்கி கொடுக்கிறார்கள். ஹூக், ஜிப், ஜரிகை எதுவும் ஸ்கேன் படுகிற இடத்தில் இருக்கக் கூடாது. அங்கி துவைத்துச் சுத்தமாக இருந்தது, ஆனால் பின்பக்க நாடா பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது. இரும்பு ஊக்கு! உலோகம் கூடாது என்று சொல்லிவிட்டு அதைக் கொடுக்கலாமா? நான் சொன்னதும் உடனே வேறு அங்கி எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை போனபோது எல்லா அங்கிக்கும் புதுநாடா தைத்திருந்தது. இப்படிக் காது கொடுத்துக் கேட்கிற இடங்களை நான் விட மாட்டேன்.

ஸ்கேன் எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். முதலில் சுவரோரம் நிற்க வைத்து உயரம் பார்த்தாள். "முன்னாடி உங்க உயரம் எவ்ளோம்மா?" என்று கேட்டாள். என் அளவு எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்பிருந்தே 157. இப்போது 154 காட்டியது. உடனே அதை எழுதிக்கொண்டு, முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கணுமா என்று டாக்டரிடம் கேளுங்கள் என்றாள். முதுகெலும்புக் கட்டை ஒன்று நமக்கே தெரியாமல் நசுங்கியிருந்தால் உயரம் குறையும். பாராதைராய்டு நோயில், முதுகின் டெக்சா எண் சுமாராக இருந்தாலும் அப்படி நசுங்கல் வரலாம் என்று டாக்டரும் பின்னால் சொன்னார். எனக்கு எக்ஸ்ரேயில் நசுங்கல் இல்லை.

முதுகுக்குப் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு பெரிய பஞ்சுக் கட்டையை வைத்துக் காலை மடக்கித் தூக்கினார்கள். இடுப்பு வளைவு மெஷினோடு ஒட்டிப் படிவதற்காக. இடுப்புக்குப் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி ஒரு சட்டத்தில் கட்டினாள். வலிக்கவில்லை. மேலே ஒரு கை மாதிரி நகர்ந்து போகிறது, அவ்வளவுதான், சுரங்கத்துக்குள் தள்ளுகிற எம்.ஆர்.ஐ. மாதிரி இல்லை. கதிர்வீச்சும் மிகக் குறைவு, நெஞ்சுக்கு எடுக்கிற எக்ஸ்ரேயைவிடக் குறைவு. பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முன்கைக்குத்தான் அதிக நேரம். நான் வலது கைக்காரி, அதனால் இடது கை. அதிகம் வேலை செய்யாத கையைத்தான் எடுப்பார்கள். அந்தக் கையில் முறிவு ஆகியிருந்தால் மற்றக் கை. என் இடது கையில் இரண்டு தங்க வளையல், வருடக்கணக்காகக் கழற்றாதது. விரல் மூட்டு தடித்துப்போய் இறங்கவே இல்லை. "வளையலோட எடுத்தா நம்பர் தப்பா வரும்மா" என்று சொல்லி, சோப்பு நுரை போட்டு, அவசரப்படாமல், வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக்கேட்டு இறக்கினாள். அடுத்த ஆள் வெளியே காத்திருந்தும் முகம் சுளிக்கவில்லை. அப்புறம் முழங்கை நுனியிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளவுகோல் வைத்து அளந்தாள். மூன்றில் ஒரு பங்கு எங்கே விழுகிறது என்பதற்கு அந்த நீளம் வேண்டும். ஒரு முறை அளந்து எழுதிவிட்டு, மறுபடி அளந்து சரிபார்த்தாள். முப்பது வருடமாக டேப் பிடிக்கிற எனக்கு அந்த இரண்டாவது அளவுதான் அவள் மேல் மரியாதையைக் கொண்டுவந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கையை மேசையில் நீட்டி அசையாமல் வைக்க வேண்டும். நடுவில் நான் இருமினேன், கை அசைந்துவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தாள்.

முதுகு மைனஸ் 1.3. இடுப்பில், தொடை எலும்பின் கழுத்து மைனஸ் 1.9. முன்கை மைனஸ் 3.2.

தெரியாதவர்களுக்காக: இது டி ஸ்கோர். நல்ல இளம் வயதில் இருக்க வேண்டிய அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்கிற எண். மைனஸ் 1 வரை சரி. மைனஸ் 1-க்கும் 2.5-க்கும் நடுவில் இருந்தால் குறைவு. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. ஆக, கையை அளக்காமல் விட்டிருந்தால் எனக்கு எலும்புப்புரையே இல்லை என்றுதான் தாளில் இருந்திருக்கும். முன்கையிலும் ரிப்போர்ட்டில் பல வரிகள் வரும். மணிக்கட்டை ஒட்டிய நுனிப் பகுதி வலைப்பின்னல், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு என்று போட்ட வரியைத்தான் டாக்டர் விரல் வைத்துக் காட்டினார்.

அந்த எண்ணால் என்ன மாறியது என்றால், ஆபரேஷன் வேண்டுமா, காத்திருக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. கால்சியம் மேல் வரம்பைவிட 1-க்கு மேல் தாண்டினால், வயது 50-க்குக் கீழ் இருந்தால், கல் இருந்தால், சிறுநீரகம் தளர்ந்தால், எந்த இடத்திலாவது டி ஸ்கோர் மைனஸ் 2.5-க்குப் போனால் ஆபரேஷன் சொல்வார்கள். எனக்கு வயதும் 50 தாண்டிவிட்டது, கால்சியமும் 1-க்குள்தான். கல் பழைய கதை, அதற்கான ரிப்போர்ட்டுகூடக் கையில் இல்லை. முன்கை எண் பேசியது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்தேன். பரம்பரையாகக் கால்சியம் கொஞ்சம் ஏறியே இருக்கிற, ஆபரேஷன் தேவைப்படாத ஒரு நிலை உண்டாம், அது இல்லை என்று உறுதி செய்ய. வைட்டமின் டி வெறும் 14. இந்த வெயில் ஊரில் இருந்துகொண்டு! கடைக்குள்ளேயே பகலெல்லாம் போகிறது எனக்கு. வைட்டமின் டி குறைந்தால் பி.டி.எச். இன்னும் ஏறி எலும்பு இன்னும் கெடும். அதை மெதுவாக ஏற்றினார்கள். நானாகப் போட்டுக்கொண்டிருந்த கால்சியம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். பால், மோர், கீரையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். சாப்பாட்டில் கால்சியத்தைக் குறைத்தால் சுரப்பி இன்னும் எலும்பைத் தேடிப் போகும்.

ஆபரேஷனைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை, இது ஸ்கேன் சென்டருக்கான விமர்சனம். இடது பக்கக் கீழ்ச் சுரப்பி. கழுத்து அல்ட்ராசவுண்டும் நியூக்ளியர் ஸ்கேனும் ஒரே இடத்தைக் காட்டின. சுரப்பியை எடுத்த பத்து நிமிடத்தில் ரத்தம் பார்த்தார்கள். பி.டி.எச். ரத்தத்தில் சில நிமிடம்தான் தங்கும், அதனால் பாதிக்குக் கீழே இறங்கினால் சரியான சுரப்பியை எடுத்தாயிற்று என்று அங்கேயே தெரிந்துவிடும். மறுநாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. அதுவரை பறிகொடுத்துக்கொண்டிருந்த எலும்பு, ரத்தத்திலிருந்து கால்சியத்தை வாரி இழுத்துக்கொள்ளும் நேரம் அது. அப்போது கால்சியம் மாத்திரை மிக அவசியம், வேளை தவறாமல் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இந்தக் குத்தலை அலட்சியம் செய்யாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வசதி குறைந்தவர்கள் கவனத்துக்கு ஒன்று: சென்ட்ரல் எதிரே இருக்கிற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. பணத்துக்குப் பயந்து இந்த நோயைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஓய்வில் இருந்தபோது என் மகள் இதன் பழைய கதைகளைத் தேடிப் படித்துக் காட்டினாள். இந்தச் சுரப்பியை முதலில் கண்ணால் பார்த்தது மனித உடம்பில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், லண்டன் மிருகக்காட்சிசாலையில் செத்துப்போன ஒரு இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் அதைக் குறித்து வைத்தாராம். மனிதர்களில் கண்டு எழுதியவர் ஸ்வீடனில் மருத்துவ மாணவராக இருந்த ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம், 1880-ல். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த கதை. வியன்னாவில் ஒரு டிராம் கண்டக்டர், எலும்பெல்லாம் கரைந்து, முறிந்து, நடக்க முடியாமல் கிடந்தார். சுரப்பி போதாததால்தான் எலும்பு இப்படி ஆகிறது என்று அப்போது நினைத்தார்கள். அதனால் வேறொருவரின் பாராதைராய்டை எடுத்து அவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். பலன் இல்லை. பிறகு 1925-ல் பெலிக்ஸ் மாண்டல் என்ற அறுவை மருத்துவர் அவர் கழுத்தைத் திறந்து, கட்டியாக வளர்ந்திருந்த சுரப்பியை எடுத்தார். அந்த மனிதர் எழுந்து நடந்தார். சில வருடம் கழித்து நோய் திரும்பி வந்து இறந்துபோனார், பாவம். ஆனால் அவருக்குப் பிறகுதான் இதற்கு வழி பிறந்தது. எனக்குக் கழுத்தில் இருக்கிற இந்தச் சின்னத் தழும்புக்கு அவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

சரி, சென்டருக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்து சுமார் ஒரு வருடம் கழித்து மறுபடி அங்கேயே போனேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்போது ஒரு இடத்தில் டெக்சா வந்திருக்கிறது, இருந்தாலும் போகவில்லை. வேறு கம்பெனி மெஷினில் எடுத்த எண்ணை இதோடு வைத்துப் பார்க்க முடியாது என்று அந்தப் பெண்ணே முதல் தடவை சொல்லியிருந்தாள். ஒரே மெஷின், ஒரே கை, ஒரே நீளம். பழைய கோப்பை எடுத்து, அன்றைக்கு எழுதி வைத்த முன்கை நீளத்தைப் பார்த்து, அதே இடத்தில் கோடு வைத்தாள். முதுகு மைனஸ் 0.9-க்கு வந்திருந்தது. இடுப்பு 1.6. முன்கை 3.1.

கை ஏறவில்லையே என்று எனக்கு முகம் வாடிவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட கேளுங்கம்மா, கை மெதுவாத்தான் ஏறும்னு சொல்வாங்க" என்றாள். அப்படியேதான் டாக்டரும் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு முதுகும் இடுப்பும் முதலில் தேறும், கெட்டிச் சுவர் நிரம்ப வருடங்கள் ஆகும். 3.2-க்கும் 3.1-க்கும் உள்ள வித்தியாசம் மெஷினின் தடுமாற்றத்துக்குள் அடங்கிவிடும், அதை ஏற்றம் என்றும் சொல்லக் கூடாது. இன்னும் இறங்காமல் நின்றதே நல்ல செய்தி. விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கடையில் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் ஒயரை எல்லாம் சுவரோரம் அடிக்க வைத்துவிட்டேன். குடைச்சல் பெருமளவு குறைந்துவிட்டது. மாடிப்படி ஏறும்போது தொடை கனப்பதில்லை.

கட்டணம்: மூன்று இடமும் சேர்த்து எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. கைக்குத் தனியாகச் சேர்க்கிறார்கள், ஆனால் போனில் சொன்னதும் பில்லில் வந்ததும் ஒன்றுதான். ரிப்போர்ட் அன்று மாலையே வந்தது, இரண்டாம் தடவை மறுநாள் ஆனது. சனிக்கிழமை போகாதீர்கள், பேக்கேஜ் கூட்டத்தில் நேரம் கொடுத்தும் வெகுநேரம் உட்கார வேண்டியிருக்கும். வார நாளில் காலையில் முதல் ஆளாகப் போனால் அந்தப் பெண் அவசரமில்லாமல் எடுப்பாள்.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் சொல்ல வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவரின் கணவருக்கு டயாலிசிஸ். அவருக்கும் பி.டி.எச். ஏறிக் கிடக்கிறது. ஆனால் அது வேறு வழியில் வருவது. சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியேற்ற முடியாமல், வைட்டமின் டி-யையும் உருமாற்ற முடியாமல் போவதால், சுரப்பிகள் தூண்டப்பட்டு நான்குமே வளர்கின்றன. எலும்பு கெடுவது அங்கேயும் உண்டு, ஆனால் வைத்தியம் வேறு. என்னுடையதைப் பார்த்துவிட்டு அதையே அவர் செய்யக் கூடாது, சிறுநீரக டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற தயசைடு வகை மாத்திரையும், மனநலத்துக்குக் கொடுக்கிற லித்தியமும் கால்சியத்தை ஏற்றலாம். ஸ்கேனுக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

இந்த சென்டரிடம் எனக்கு இருக்கிற பெரிய குறை மாடிப்படி இல்லை, ரிப்போர்ட்டின் கடைசி வரி. யார் ஸ்கேன் எடுத்தாலும், அடர்த்தி குறைந்தால், கீழே ஒரே வாசகம் அச்சாகிறது: கால்சியம் மாத்திரை எடுத்துக்கொள்ளவும். எனக்கும் அதுதான் வந்தது. சீட்டிலேயே பாராதைராய்டு என்று டாக்டர் எழுதியிருக்க, கால்சியம் 11.4 இருக்கிற ஒருத்திக்கு அந்த வரியைக் கொடுக்கலாமா? என் டாக்டர் பேனாவால் அடித்துவிட்டார். நேரே மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? அவ்வளவு கவனமாகக் கையை அளந்து, திரும்ப அளந்து, அசைந்ததும் மறுபடி எடுத்த இடம், கடைசி வரியை மட்டும் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடுவது எனக்கு மனசு கேட்கவில்லை. "ரத்த கால்சியம் பார்த்து, மருத்துவர் ஆலோசனைப்படி" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.

இரண்டாம் முறை ரிப்போர்ட் வாங்கும்போது இதைச் சொன்னேன். ரேடியாலஜி டாக்டரே வெளியே வந்து கேட்டுக்கொண்டார், மாற்றுகிறோம் என்றார். அங்கி நாடாவை மாற்றியவர்கள், இதையும் மாற்றுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வருடம் அதே கையை எடுக்கப் போவேன். அந்த வரி மாறியிருந்தால் இங்கேயே எழுதுகிறேன், மாறாவிட்டாலும் எழுதுகிறேன்.